நீங்கள் வராத சனிக்கிழமையும் ஆட்டம் நடக்க வேண்டும்

ஊர் இளைஞர்களுக்குக் கபடிப் போட்டி, வாசிப்பு வட்டம், கோடை முகாம் நடத்துவது ஒரு வேலை. அதை உள்ளூர்த் தன்னார்வலர்களே நடத்தும்படி பழக்குவது வேறு வேலை. ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சம்பளம் இரண்டாவது வேலைக்குத்தான்.

ஆள் தேர்வு

மேடையில் நன்றாகப் பேசுபவர் தானாகக் கண்ணில் படுவார். திருவிழாவில் பந்தி கவனிப்பவர், கிரிக்கெட் அணிக்குச் சந்தா பிரித்துக் கணக்கு வைப்பவர், வீட்டில் டியூஷன் எடுக்கும் பெண் ஆகியோரை நீங்கள்தான் தேடிப் போக வேண்டும்.

கேட்கும்போதே நேரத்தைச் சொல்லுங்கள். நாட்டு நலப்பணித் திட்டம் கல்லூரி மாணவர்களிடம் 2 ஆண்டுகளில் 240 மணி நேரம் கேட்கிறது. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டம் மாலையில் ஒன்றரை மணி நேரம் வரை வகுப்பு, மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று முன்கூட்டியே அறிவித்தது. “முடிஞ்சப்ப வாங்க” என்று அழைத்தால் யாருக்கும் முடியாது.

போக்குவரத்தையும் கேளுங்கள். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. இருட்டியபின் வீடு திரும்ப வழியில்லை என்றால் எவ்வளவு ஆர்வமுள்ள பெண்ணும் இரண்டாவது வாரம் நின்றுவிடுவார்.

பயிற்சி

உரை ஒரு மணி நேரம் போதும். மீதி நேரம் செய்து பார்க்கட்டும். முதலில் தங்களுக்குள் ஒரு விளையாட்டை நடத்தட்டும். அடுத்து பத்துப் பதினைந்து பிள்ளைகளை அழைத்து நடத்தட்டும். இடையில் சிக்கல்களைக் கொடுங்கள்: முப்பது பேரை எதிர்பார்த்தோம், எட்டுப் பேர்தான் வந்திருக்கிறார்கள். தோற்ற அணி நடுவரிடம் சண்டைக்கு வருகிறது. பெண் பிள்ளைகள் ஓரமாகவே நிற்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் தன்னார்வலர்களே வழி சொல்லட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

என்ன நடத்துவது என்பதை ஊர்ப் பிள்ளைகளிடமே கேட்டுவரச் சொல்லுங்கள். பெண்களிடம் தனியாகக் கேட்காவிட்டால் பட்டியலில் கிரிக்கெட் மட்டுமே இருக்கும்.

அனுமதி

மைதானத்துக்கு ஊராட்சித் தலைவர் அல்லது தலைமை ஆசிரியரிடம் எழுத்து மூலமாக அனுமதி வாங்கும் வேலையைத் தன்னார்வலரிடமே விடுங்கள். கூடவே போங்கள், பேசாதீர்கள். ஒலிபெருக்கிக்குக் காவல்துறை அனுமதி தேவை. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்தக் கூடாது. பொதுத்தேர்வு நடக்கும் மார்ச் மாதத்தில் எதையும் வைக்காதீர்கள்.

பாதுகாப்பு

இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் வந்தால் பெற்றோர் கையெழுத்து வாங்க வேண்டும். எந்த நேரத்திலும் பெரியவர்கள் இருவர் இருக்க வேண்டும். தனி அறையில் ஒருவரோடு ஒருவராக எந்தப் பயிற்சியும் வேண்டாம். பாலியல் துன்புறுத்தல் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும்; ஊர்ப் பெரியவர்கள் பேசித் தீர்க்கும் விஷயம் அல்ல. குழந்தைகள் உதவி எண் 1098 ஒவ்வொருவர் கைபேசியிலும் பதிவாகி இருக்கட்டும்.

பணம்

வசூலிப்பவர் ஒருவர், செலவழிப்பவர் இன்னொருவர். நிகழ்ச்சி முடிந்த வாரமே வரவு செலவை ஊர் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். அடுத்த முறை சந்தா கேட்கப் போகும்போது பாதிப் பேச்சு மிச்சமாகும்.

ஒப்படைப்பு

முதல் நிகழ்ச்சியை நீங்கள் நடத்துங்கள், அவர்கள் உதவட்டும். இரண்டாவதை அவர்கள் நடத்தட்டும், நீங்கள் உதவுங்கள். மூன்றாவதற்குப் போகாதீர்கள். மறுநாள் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். ஏதாவது சொதப்பியிருக்கும். அதைத் திருத்தும் வழியையும் அவர்களே சொல்வார்கள்.

தன்னார்வலர்களில் பலர் வேலை தேடிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்குத் தரும் சான்றிதழில் “சிறப்பாகப் பணியாற்றினார்” என்று எழுதி முடிக்காதீர்கள். எத்தனை அணிகள் ஆடிய போட்டியை நடத்தினார், எவ்வளவு பணத்துக்குக் கணக்குக் காட்டினார், யாரிடம் அனுமதி பெற்றார் என்று எழுதுங்கள். நேர்காணலில் கேள்வி கேட்பவருக்கு அந்த மூன்று வரிகள்தான் பிடி கொடுக்கும்.