வம்சவரலாறு பிறப்புப் பதிவேடு அன்று

வேதாகமத்தை ஆதியாகமம் முதல் வரிசையாக வாசிப்பவர்கள்கூடப் பெயர்ப் பட்டியல் வந்ததும் பக்கத்தைத் தள்ளிவிடுகிறார்கள். நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களையும் மத்தேயுவின் முதல் பதினேழு வசனங்களையும் நம்மில் பெரும்பாலோர் படித்ததே இல்லை. படிக்காத இடத்தில் செவிவழிச் செய்தி எளிதாகக் குடியேறிவிடுகிறது. பிரசங்க மேடைகளிலும் இப்போது வாட்ஸ்அப்பிலும் சுற்றிவரும் சில கருத்துகளை மூலநூலுக்கு நேரே வைத்துப் பார்ப்போம்.

ஆதாம் முதல் இயேசு வரை ஒரு தலைமுறைகூட விடுபடவில்லை, வயதுகளைக் கூட்டினால் உலகம் உண்டான ஆண்டே கிடைத்துவிடும் என்பது முதல் நம்பிக்கை. அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650இல் அப்படித்தான் கணக்கிட்டு, கி.மு. 4004 என்றார். அவர் பெரிய படிப்பாளி. ஆனால் அவர் கைக்கொண்டது எபிரேயப் பிரதியின் எண்களை. சேத் பிறந்தபோது ஆதாமுக்கு வயது 130 என்று எபிரேயப் பிரதி சொல்ல, பழைய கிரேக்கப் பிரதி 230 என்கிறது. படைப்பு முதல் வெள்ளம் வரை எபிரேயக் கணக்கில் 1656 ஆண்டுகள், சமாரியர் பிரதியில் 1307, கிரேக்கத்தில் 2200க்கும் மேல். இவற்றில் எதைக் கூட்டுவது?

பெயர்களும் விடுபட்டே இருக்கின்றன. யோராமுக்கு அடுத்து உசியா என்று மத்தேயு எழுதுகிறார். நாளாகமத்தைப் புரட்டினால் இருவருக்கும் நடுவே அகசியா, யோவாஸ், அமத்சியா என்று மூன்று அரசர்கள் இருக்கிறார்கள். யோசியாவுக்குப் பின் யோயாக்கீமையும் காணவில்லை. எஸ்றா தம் ஆசாரிய மரபைச் சொல்லும்போது நாளாகமத்தில் உள்ள ஆறு பெயர்கள் அவர் பட்டியலில் இல்லை. மறதியால் நேர்ந்த பிழைகள் அல்ல இவை. மத்தேயு பட்டியலைப் பதினான்கு பதினான்காக மூன்று பகுதிகளாய் அடுக்குகிறார். தமிழில் க, உ, ங என எழுத்தே எண்ணாக வழங்கியதுபோல எபிரேயத்திலும் எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளும் 4, 6, 4, கூட்டினால் 14. அந்த எண்ணை மனத்தில் கொண்டே அடுக்கினார் என்று அறிஞர்கள் பலர் கருதுகிறார்கள். மூன்றாம் பகுதியில் புதிய பெயர்கள் 13தான் வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். இயேசு தாவீதின் அரசுரிமைக்கு வாரிசு என்பதே பட்டியலின் வாதம். அக்காலத்தில் வம்சவரலாறு நிலத்துக்கும் ஆசாரியத்துவத்துக்கும் அரியணைக்கும் உரிமை நாட்டும் ஆவணம். பாபிலோனியச் சிறையிருப்பிலிருந்து திரும்பியவர்களில் வம்ச அட்டவணையில் தங்கள் பெயரைக் காணாத ஆசாரியக் குடும்பங்கள் அந்த ஊழியத்திலிருந்து விலக்கப்பட்டதை எஸ்றாவின் புத்தகமே சொல்கிறது.

அஷரின் ஆண்டுக்கணக்கு இத்தனை காலம் நிலைத்ததற்குக் காரணம் எளியது. 1701 முதல் ஆங்கில வேதாகமங்களின் ஓரத்தில் அந்த ஆண்டுகளை அச்சிட்டார்கள். ஓரத்தில் இருந்ததையும் வாசகர்கள் வேதமாகவே எடுத்துக்கொண்டார்கள். பள்ளியில் புவியியல் படித்து வரும் பிள்ளையிடம் இந்தக் கணக்கா விசுவாசமா என்று கேட்கிறோம். வேதம் கேட்காத கேள்வி அது.

மத்தேயு தருவது யோசேப்பின் வழி, லூக்கா தருவது மரியாளின் வழி என்பது அடுத்தது. லூக்காவின் பட்டியலில் மரியாளின் பெயரே இல்லை. யோசேப்பின் தந்தை யாக்கோபு என்கிறார் மத்தேயு, ஏலி என்கிறார் லூக்கா. ஒருவர் சாலொமோன் வழியாகவும் மற்றவர் நாத்தான் என்ற இன்னொரு மகன் வழியாகவும் தாவீதை அடைகிறார்கள். மூன்றாம் நூற்றாண்டில் யூலியு ஆப்பிரிக்கானு என்ற கிறிஸ்தவ அறிஞர் இந்த முரணை மறைக்கவில்லை; பிள்ளையில்லாமல் இறந்தவனின் மனைவியைச் சகோதரன் மணக்கும் வழக்கத்தைக் கொண்டு அதை விளக்க முயன்றார். அவர் விளக்கத்தை ஏற்கலாம், விடலாம். இல்லாத பெயரை உள்ளே நுழைப்பது வேறு காரியம்.

மிகக் கொடிய பொய், நோவாவின் மகன் காம் சபிக்கப்பட்டான், ஆகவே அவன் சந்ததியான ஆப்பிரிக்கர் அடிமைகளாகப் பிறந்தவர்கள் என்பது. ஆதியாகமம் ஒன்பதாம் அதிகாரத்தில் நோவா சபிப்பது காமை அல்ல, அவன் மகன் கானானை. காமின் மற்ற பிள்ளைகளான கூஷ், மிஸ்ராயீம், பூத் ஆகியோர்மேல் சாபம் எதுவும் இல்லை. தோல் நிறம் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அடுத்த அதிகாரத்திலேயே கூஷின் மகன் நிம்ரோது பாபேலை ஆண்ட பராக்கிரமசாலியாக வருகிறான். இத்தனையும் கண்முன் இருக்க, அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 19ஆம் நூற்றாண்டுப் போதகர்கள் இந்த வசனத்தையே கேடயமாகக் கொடுத்தார்கள். இலாபம் இருந்ததால் பொய் நீடித்தது.

காம் என்ற அதே பெயரைத் தலைகீழாகவும் பயன்படுத்தினார்கள். நடு ஆப்பிரிக்காவின் ஏரிப் பகுதிகளை ஆண்டவர்கள் எத்தியோப்பியாவிலிருந்து வந்த உயர்ந்த இனத்தார் என்று 1863இல் ஆங்கிலேயப் பயணி ஜான் ஹானிங் ஸ்பீக் எழுதினார். பின்வந்தோர் டுட்சிகள் உட்பட அவர்களைக் காமின் வழியினர் என்றே வகைப்படுத்தினார்கள். பெல்ஜிய ஆட்சி 1930களில் ருவாண்டாவில் டுட்சி, ஹூட்டு என்று அடையாள அட்டையில் குறித்தது. 1992இல் ஓர் அரசியல்வாதி, டுட்சிகளை ஆற்றுவழியே எத்தியோப்பியாவுக்குத் திருப்பி அனுப்புவோம் என்று மேடையில் பேசினார். 1994இல் ஏறத்தாழ நூறு நாட்களில் பல லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள்.

மேசியாவின் வம்சம் கலப்பில்லாத தூய வம்சம் என்று சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. மரியாளைத் தவிர மத்தேயு குறிப்பிடும் பெண்கள் நால்வர்: தாமார், ராகாப், ரூத், பத்சேபாள். ராகாப் எரிகோவின் கானானியப் பெண். ரூத் மோவாபியப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறையிலும் சபைக்குள் வரலாகாது என்கிறது உபாகமம். பத்சேபாளைப் பெயரால் சொல்லாமல் உரியாவின் மனைவி என்கிறார் மத்தேயு, உரியாவோ ஏத்தியன் என்னும் வேற்றினத்தான். சாராள், ரெபேக்காள், ராகேல் என்று பெருமைக்குரிய தாய்மார் இருக்க, அவர்களை விட்டு இவர்களை எழுதியிருக்கிறார்.

இதற்கு மேடையில் கிடைக்கும் பதில், நான்கு பேரும் மன்னிக்கப்பட்ட பாவிகள் என்பது. அதுவும் தவறு. மாமனார் மறுத்த உரிமையைத் தேடிய தாமாரைப் பற்றி, அவள் என்னிலும் நீதியுள்ளவள் என்று அந்த மாமனார் யூதாவே ஒப்புக்கொள்கிறான். ரூத்தின்மேல் குற்றம் எதையும் அந்தப் புத்தகம் சுமத்தவில்லை. பத்சேபாளை அரண்மனைக்கு ஆள் அனுப்பி அழைத்தவன் அரசன். தீர்க்கதரிசி நாத்தான் விரல் நீட்டியது அவளை நோக்கி அல்ல, தாவீதை நோக்கி. இவர்களைப் பாவிகள் என்று கேட்டு வளரும் பெண்கள், தங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் தங்கள் பாவமாகவே எண்ணப் பழகுகிறார்கள்.

தூய வம்சம் என்ற எண்ணம் இங்கேயும் தொடர்கிறது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவ மணமக்கள் விளம்பரங்களில் திருச்சபையின் பெயருக்கு அருகிலேயே சாதியின் பெயரும் அச்சாகிறது. டிசம்பர் 17க்கான கத்தோலிக்கத் திருப்பலி வாசகம் மத்தேயுவின் இந்தப் பட்டியல்தான். அதன்படி அரசன் தாவீது, மோவாபியப் பெண்ணான ரூத்தின் கொள்ளுப்பேரன்.