எண்ணிப் பார்த்துவிட்டு எழுதிக் கொடு

அன்புள்ள தம்பிக்கு,

டெல்டாவில் உதவி வேளாண்மை அலுவலராகச் சேர்ந்திருக்கிறாய். மனதார வாழ்த்துகிறேன். சம்பா தூர் கட்டி முடிகிற நேரத்தில் உன் கைப்பேசி ஓயாது. "சார், பயிர் புகைஞ்சு நிக்குது, என்ன மருந்து அடிக்கிறது?" என்று கேட்பார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவருக்கும் நிம்மதி, உனக்கும் வேலை முடிந்தது. தம்பி, போனில் மருந்து சொல்லாதே. இந்தக் கடிதத்தில் நான் முதலில் வேண்டிக் கேட்பது அதுதான்.

வயலில் இறங்கு. வரப்பில் நின்றால் தோகைதான் தெரியும். பயிரைப் புகைய வைக்கும் புகையான், அதாவது பழுப்புத் தத்துப்பூச்சி, இருப்பது தண்ணீருக்குச் சற்று மேலே, தூரடியில். ஒரு குத்தை இரண்டு கையாலும் பிரித்து, சாய்த்துத் தட்டு. பழுப்புத் தத்துப்பூச்சிகள் தண்ணீரில் உதிரும். அவற்றைத் தின்னும் சிலந்தி நீர்மேல் ஓடும். இரண்டையும் எண்ணு. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு ஒரு பூச்சி வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். அதற்குள் இருக்கிற வயலுக்கு மருந்து வேண்டாம். தண்ணீரை வடித்துக் காயவிடச் சொல். அடுத்த நடவில் எட்டு அடிக்கு ஒரு அடி இடைவெளியாகப் பட்டம் விடச் சொல்.

அவசரப்பட்டுச் செயற்கை பைரித்ராய்டு மருந்து அடித்தால் முதலில் சாவது சிலந்தி. புகையானின் முட்டை இலை உறைக்குள் பத்திரமாக இருக்கும். பொரித்து வரும் குஞ்சுகளைத் தின்ன ஆளிருக்காது. அடித்த வயலில்தான் புகையான் மறுபடி பெருகும். இந்தோனேசியா இதைப் பட்டுத் தெரிந்துகொண்டது. 1986இல் அதிபர் சுகார்த்தோ நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்தார். அதனால் அந்த நாட்டு நெல் உற்பத்தி சரிந்துவிடவில்லை.

பூச்சியை அழைத்து வருவதில் யூரியாவுக்கும் பங்குண்டு. தழைச்சத்து மிஞ்சிய பயிர் கரும்பச்சையாக, மெத்தென்று, அடர்ந்து நிற்கும். புகையானுக்கு அதுதான் பிடிக்கும். 45 கிலோ மூட்டையில் தழைச்சத்து ஏறக்குறைய 21 கிலோ. பெரும்பாலும் அதில் பாதிகூடப் பயிருக்குச் சேர்வதில்லை. மீதி அம்மோனியாவாகக் காற்றில் போகிறது, மழைநீரோடு வடிகாலில் இறங்கி ஆகாயத்தாமரையை வளர்க்கிறது, நைட்ரேட்டாக நிலத்தடி நீரில் கலக்கிறது. ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாக எழும்புகிறது. கரியமில வாயுவைப் போல 270 மடங்கு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும் வாயு அது.

அதனால் இலை வண்ண அட்டையைப் பையில் வைத்திரு. நட்ட 14ஆம் நாளிலிருந்து வாரம் ஒருமுறை, உன் நிழலில் வைத்து, பத்துக் குத்துகளில் மேலே முழுதாக விரிந்த இலையை ஒப்பிட்டுப் பார். வெள்ளைப் பொன்னிக்கு அட்டையில் எண் 3, மற்ற ரகங்களுக்கு எண் 4 எல்லை. பத்தில் ஆறு இலையாவது அதற்குக் கீழே இருந்தால் மட்டும் மேலுரம். மழை இருட்டிக்கொண்டு வருகிற நாளில் யூரியா வீசுவதைத் தடுத்துவிடு.

மருந்து அடித்த பிறகும் உன் பொறுப்பு முடியவில்லை. கைத்தெளிப்பானை வாய்க்காலில் அலசுவதையும், காலி பாட்டிலை மதகடியில் எறிவதையும் கண்டால் நின்று பேசு. டப்பாவில் இருக்கும் முக்கோணத்தின் நிறம் மனிதருக்கு எவ்வளவு நஞ்சு என்பதைத்தான் காட்டும். மனிதரை அவ்வளவாகப் பாதிக்காத பைரித்ராய்டு மீனுக்குக் கொடிய விஷம். மன்னார்குடிப் பக்கத்து வடிகால் தண்ணீர் பாமணியாறு, கோரையாறு வழியாக முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக் காயலில் போய்ச் சேர்கிறது. நீ இங்கே எழுதுகிற சீட்டுக்கு அங்கே வலை வீசுகிறவர் விலை கொடுக்கக் கூடாது.

விவசாயியின் பயத்தைக் குறை சொல்லாதே. கடன் வாங்கிப் பயிர் வைத்தவர் அவர். "அடிக்க வேண்டாம் அய்யா" என்று சொல்லிவிட்டு வந்தால், மூன்றாம் நாள் நீயே போய் அவர் கண்முன்னால் மறுபடி எண்ணிக் காட்டு. எண்ணிக்கை தாண்டியிருந்தால் தயங்காதே. சரியான மருந்தை, சரியான அளவில், தூரடியில் படும்படி அடிக்கச் சொல். வேண்டாம் என்று சொல்வதற்கு, எழுதிக் கொடுப்பதைவிட அதிகமாக உழைக்க வேண்டும். அந்த உழைப்புக்காகத்தான் மக்கள் பணத்தில் உனக்குச் சம்பளம் வருகிறது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற வேளாண்மை அலுவலர் ஒருவர்