அடையாளம் வேறு, வேலி வேறு



மயிலாப்பூர், இராயப்பேட்டை, தியாகராய நகர்ப் பள்ளிவாசல்களில் ஜும்ஆவுக்கு நிற்கும் ஸஃப்பைச் சற்று நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினம், கீழக்கரையிலிருந்து வந்து குடியேறிய ஷாஃபிஈ மத்ஹபினர் நிற்கிறார். அவர் தோளோடு தோளாக ஹனஃபி மத்ஹபைச் சேர்ந்த ராவுத்தர் நிற்கிறார். அடுத்தவர், நவாபுகள் காலந்தொட்டு இந்நகரில் வாழும் உருதுக் குடும்பத்தவர். ஒருவர் ஸுப்ஹில் குனூத் ஓதுபவர். மற்றவர் வித்ரில் ஓதுபவர். ஒருவர் ஆமீனை உரக்கச் சொல்வார். மற்றவர் மெதுவாகச் சொல்வார். ஆயினும் இமாம் ஒருவரே, கிப்லாவும் ஒன்றே.

ஸலாம் கொடுத்து வீடு திரும்பியதும் நம் பேச்சு மாறுகிறது. நல்ல இடத்திலிருந்து பெண் கேட்டு வந்தால், "அவங்க உருதுக்காரங்க, நமக்கு ஒத்துவராது" என்கிறோம். மாப்பிள்ளையின் தொழுகையை விசாரிக்கும் முன் ஊரையும் வகையையும் விசாரிக்கிறோம்.

ஒரு கூட்டம் தன்னைத் தனிக் கூட்டமாக எப்படிக் காத்துக்கொள்கிறது? நார்வே நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெட்ரிக் பார்த் 1969இல் தொகுத்து வெளியிட்ட நூலில் இக்கேள்வியை ஆராய்ந்தார். உணவும் உடையும் பேச்சும் காலத்தால் மாறினாலும் 'நாம்', 'அவர்கள்' என்ற கோடு நிலைத்திருக்கலாம். யாரோடு எதில் கலப்பது, எதில் விலகுவது என்று மக்கள் நடந்துகொள்ளும் முறையே அக்கோட்டைக் காக்கிறது என்றார்.

அந்தக் கோடு இடம்பெயரவும் கூடும். அமெரிக்க அறிஞர் மாட்டிசன் மைன்ஸ் சென்னையை அடுத்த பல்லாவரத்துத் தமிழ் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டார். ராவுத்தர், மரைக்காயர், லெப்பை, காயலர் என்று ஊரில் பிரிந்து அறியப்படுவோர், நகரத்தில் முஸ்லிம் என்ற அடையாளத்தையே முன்வைப்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின.

அப்படியானால் இப்பெயர்களையெல்லாம் அழித்துவிட வேண்டுமா? மார்க்கம் அவ்வாறு சொல்லவில்லை. ஹுஜுராத் அத்தியாயத்தின் 13ஆம் வசனம், மக்கள் பல கிளைகளாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்றும், சிறப்பு இறையச்சத்தில்தான் என்றும் போதிக்கிறது. ஸஹாபாக்களில் பிலால் (ரலி) ஹபஷி என்றும், ஸல்மான் (ரலி) ஃபாரிஸி என்றும், ஸுஹைப் (ரலி) ரூமி என்றும் அழைக்கப்பட்டார்கள். அப்பெயர்கள் அவர்களின் கண்ணியத்தைக் குறைக்கவில்லை.

முஹாஜிர், அன்ஸார் என்பவை குர்ஆனே புகழ்ந்த பெயர்கள். ஆனால் ஒரு போர்ப் பயணத்தில் இரு தரப்பைச் சேர்ந்த இருவர் சச்சரவிட்டு, ஒருவர் முஹாஜிர்களையும் மற்றவர் அன்ஸார்களையும் துணைக்குக் கூவி அழைத்தபோது, நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஜாஹிலிய்யத்தின் அழைப்பு என்று கண்டித்தார்கள். பெயர் அதே பெயர்தான். அறிமுகத்துக்குச் சொன்னபோது சிறப்பாயிருந்தது, அணி சேர்க்கக் கூவியபோது இழிவாயிற்று.

ஆகவே தாய்மொழியையும் மத்ஹபையும் ஊர் வழக்கையும் பேணுவதில் குற்றமில்லை. அவற்றை வேலியாக்குவதே குற்றம். பெண் பார்க்கும்போது செல்வம், குலம், அழகு, மார்க்கம் என்ற நான்கில் மார்க்கத்தையே முற்படுத்துமாறு நாயகம் (ஸல்) அவர்கள் கூறியிருக்க, நாம் வகையை முற்படுத்தலாமா? வீட்டுக்கு வந்த மருமகளுக்குப் புரியாத மொழியிலேயே எல்லோரும் பேசி அவளைத் தனித்து நிற்க வைக்கலாமா? இதைப் பார்த்துத்தானே நம் பிள்ளைகள் கோடு போடக் கற்றுக்கொள்கிறார்கள்!

ஸஃப்பில் இடைவெளியின்றி நிற்பவர்கள், வாசலுக்கு வெளியேயும் அவ்வாறே வாழ அல்லாஹ் தஆலா நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.