வண்டிக்குள் புகும் புகை

கொங்கு நாட்டில் மோட்டார் வண்டியை அறியாத ஊர் இல்லை. 1920-ஆம் ஆண்டில் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரு பேருந்தை ஓட்டித் தொழில் தொடங்கினார். அந்நாள் தொட்டு, வண்டியை ஓட்டுதலோடு அதனைப் பழுதுபார்த்துப் பேணுதலும் இந்நாட்டாருக்குக் கைவந்த கலையாயிற்று. ஆனைமலைச் சரிவிலும் நீலகிரிச் சாரலிலும் பழைய ஜீப்புகளும், சுமோ, பொலிரோ முதலிய பெட்டி வடிவ வண்டிகளும் இன்றும் ஓடுகின்றன. பல்லாண்டு உழைத்த வண்டியைக் கைவிடாது காத்தல் நன்றே. ஆயினும், அத்தகைய வண்டியில் ஒரு பகை ஒளிந்திருத்தல் கூடும். எஞ்சின் கழிக்கும் புகை, மக்கள் அமரும் இடத்தினுள் புகுதலே அப்பகையாம். அது புகும் வழியையும், அதனைத் தடுக்கும் முறையையும் இப்பாடத்தில் காண்போம்.

எரிபொருள் முழுமையாக எரியாதபோது கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயு உண்டாகிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு நேர்ந்தது. அப்போது நம் நாட்டில் பல பேருந்துகள் கரி வாயுவால் ஓடின. அவற்றின் பின்புறத்து உலையில் கரியை எரித்து எடுத்த அவ்வாயுவில், எரிந்து ஆற்றல் தந்த முதன்மையான பொருள் இந்தக் கார்பன் மோனாக்சைடே ஆகும். எஞ்சினுக்குள் உணவாகும் அப்பொருள், மனிதனின் நுரையீரலுக்குள் நஞ்சாகிறது.

அஃது எவ்வாறு? நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவை ஏந்திச் சென்று உடலெங்கும் வழங்குகிறது. கார்பன் மோனாக்சைடோ, பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேற்பட்ட வலிமையுடன் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. அதனால் மூளையும் இதயமும் பிராணவாயுவின்றி வாடுகின்றன. முதலில் தலைவலி தோன்றும்; பின்னர் மயக்கமும் குமட்டலும் உறக்கமும் வரும்; இறுதியில் உயிரும் நீங்கும். இவ்வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஆகவே, புகை நாற்றம் வரவில்லையே என்று எண்ணி அஞ்சாதிருத்தல் தகாது. நாற்றம் வருமாயின் அதனைப் பொருட்படுத்தாதிருத்தலும் தகாது.

டீசல் எஞ்சின் இவ்வாயுவைப் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே வெளியிடும். எனினும், அதன் புகையில் நுண்ணிய கரித்துகள்கள் மிகுதி. டீசல் புகை புற்றுநோயை விளைவிப்பது என உலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் வகைப்படுத்தியது.

இத்தீங்கு வெறுங்கற்பனை அன்று. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில், நமக்கு அண்மையிலுள்ள கேரள மாநிலத்து வடகரையில், சாலையோரம் நிறுத்தப்பட்டிருந்த கேரவன் வண்டி ஒன்றனுள் இருவர் உயிர்நீத்துக் கிடந்தனர். அவ்வண்டியின் ஜெனரேட்டர் கழித்த புகை, தளத்திலிருந்த துளை வழியே உள்ளே புகுந்ததே காரணம் என்று, கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் ஆய்ந்து கூறினர். ஒரு துளை இரண்டு உயிர்களுக்கு எமனாயிற்று.

பின்னால் வெளியேறும் புகை, முன்னோக்கிச் செல்லும் வண்டிக்குள் எவ்வாறு வரும் என்று நீங்கள் வினவலாம். மண்சாலையில் செல்லும் ஒரு ஜீப்பை உற்று நோக்குங்கள். எழும் புழுதியில் பெரும்பகுதி அதன் பின்கதவின்மீதும் பின்கண்ணாடியின்மீதுமே படிகிறதன்றோ? பெட்டி போன்ற வண்டி காற்றைக் கிழித்து விரையும்போது, அதன் முதுகுப்புறத்தில் காற்றழுத்தம் குறைகிறது. அக்குறையை நிரப்பக் காற்று சுழன்று வருகிறது. அதனோடு புழுதியும் வருகிறது, புகையும் வருகிறது. பின்கதவில் ஓர் இடுக்கு இருப்பின், புகை அதன் வழியே உள்ளே நுழையும். வாழைத்தாரையோ தேங்காய் மூட்டையையோ ஏற்றிப் பின்கதவைத் திறந்தபடி கயிற்றால் கட்டிச் செல்வோர், புகைக்கு வாயிலையே திறந்து வைக்கின்றனர். அவ்வண்டிகளின் பின்னிருக்கையில் அமர்வோர் பெரும்பாலும் சிறுவர்களே என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது.

இனி, தடுக்கும் முறைகளைக் காண்போம். முதலாவது, புகை செல்லும் குழாய்களைப் பழுதின்றி வைத்தல். எஞ்சினோடு குழாய் சேரும் இடத்திலுள்ள கேஸ்கட் கெட்டால், புகை முன்புறத்திலேயே கசியும். சைலன்சர் துருப்பிடித்துத் துளைபட்டால், புகை தளத்தின் அடியிலேயே தங்கும். வண்டியின் ஒலி திடீரென மிகுதலும், இணைப்புகளைச் சுற்றிக் கரி படிதலும் கசிவின் அடையாளங்கள். வால்குழாய் உடலின் விளிம்பைக் கடந்து வெளியே நீண்டிருத்தல் வேண்டும்.

இரண்டாவது, புகும் வழிகளை அடைத்தல். பின்கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பட்டை நாளடைவில் இறுகி வெடிக்கும். ஒரு தாளை இடையில் வைத்துக் கதவைச் சாத்தி இழுத்துப் பாருங்கள். தாள் தடையின்றி வந்துவிடுமாயின், அப்பட்டையை மாற்றுதல் வேண்டும். தளத்தில் துருவால் விழுந்த ஓட்டைகளைத் தகடு வைத்துப் பற்றவைக்க வேண்டும். எஞ்சினையும் ஓட்டுநர் இருக்கும் இடத்தையும் பிரிக்கும் தகட்டில், கம்பிகள் நுழையும் துளைகளுக்குரிய ரப்பர் வளையங்கள் பழுதின்றி உள்ளனவா என்றும் நோக்க வேண்டும்.

மூன்றாவது, ஓட்டும் நெறி. பின்கதவும் பின்கண்ணாடியும் மூடியிருக்க, முன்புறக் காற்றுவழியைத் திறந்து விசிறியை இயக்கினால், தூய காற்று உள்ளே நிரம்பிப் புகையை நுழையவொட்டாது தடுக்கும். மலைப்பாதையில் முன்செல்லும் லாரியின் புகைக்கு அஞ்சி அவ்வழியைச் சிறிதுபொழுது மூடலாம். நெடுநேரம் மூடிவைத்தல் கேடு. அடைத்த கொட்டகையில் எஞ்சினை ஓடவிடுதலும், நின்ற வண்டியில் குளிர்சாதனத்தை இயக்கியவாறு உறங்குதலும் கூடா.

வண்டியிலுள்ளோர் பலருக்கு ஒருங்கே தலைவலி தோன்றி, கீழே இறங்கியதும் அது தணியுமாயின், பயணக் களைப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உடனே வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, அனைவரையும் திறந்த வெளிக்குக் கொண்டு செல்லுங்கள். எவரேனும் மயங்கினால் 108 எண்ணை அழைத்து மருத்துவமனையில் சேர்ப்பியுங்கள். பிராணவாயுவைச் செலுத்துதலே தக்க மருத்துவம்.

மாணவர்களே! வண்டி பழையதாதல் குற்றமன்று. அதனைப் பாராமுகமாய் விடுதலே குற்றம். ஒரு ரப்பர் பட்டைக்கும் ஒரு கேஸ்கட்டுக்கும் ஆகும் செலவு சிறிது. அவை காக்கும் உயிரோ விலைமதிப்பற்றது. வண்டியின் மேற்புறத்தைத் துடைத்து மெருகேற்றுவோர் பலர். அதன் அடிப்புறத்தைக் குனிந்து நோக்குவோர் சிலர். நீங்கள் அச்சிலருள் ஒருவராய் இருங்கள்.