முதலில் கறளைப் பார்: பழைய டர்போக் கார் வாங்கப் போகும் தம்பிக்கு

எத்தாளையில் என் கராஜுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நாற்பது வருடமாகப் போட் என்ஜினும் லொறியும் பார்த்த கை இது. இப்போது சோளகம் பிறந்தாலே யாராவது ஒரு பொடியன் போனில் ஒரு படத்தோடு வந்து நிற்கிறான். "பாஸ், இதை வாங்கலாமா?" படத்தில் பெரும்பாலும் நிசான் சில்வியா, எஸ்13. 1988இல் வந்து, வந்த வருடமே ஜப்பானில் அவ்வாண்டின் சிறந்த கார் என்ற விருதை எடுத்த கார். இரண்டு கதவு, பின்சில்லு இழுக்கும், டர்போவும் உண்டு. அந்த ஆசை எனக்குப் புரியும். இரண்டு சில்வியாவை என் கையால் எழுப்பியிருக்கிறேன். மூன்றாவதைப் பாதியில் கைவிட்டேன், கீழே சொல்லும் முதலாவது காரணத்தால். கேட்கிற எல்லாருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதிவைக்கிறேன்.

1. காரைப் பார்க்கப் போனால் முதல் அரை மணித்தியாலம் பொனட்டைத் திறக்காதே. விற்பவர் என்ஜினை உறுமவிட்டுக் காட்டுவார். அந்தச் சத்தம் காதில் ஏறிவிட்டால் கண் வேலை செய்யாது. ஒரு டோர்ச், ஒரு காந்தம், ஒரு பழைய ஸ்க்ரூ டிரைவர் கொண்டு போ. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டம், பின் மட்காட்டின் வளைவு, டிக்கிக்குள் பின் ஷொக் அப்சோபர் பூட்டிய தலை, பற்றரித் தட்டின் அடி, முன்சில்லுக்குப் பின்னால் தரைக்கடியால் ஓடும் சட்டம் எல்லாவற்றையும் படுத்துக் கிடந்து பார். டிக்கிக் கம்பளத்தைத் தூக்கு. எஸ்13இல் பின் லைட்டின் ரப்பர் காய்ந்து மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும். மேலதிகச் சில்லு வைக்கும் குழியில் அது தேங்கும். காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, பட்டிதான் இருக்கிறது.

கறளை ஏன் இப்படி அழுத்திச் சொல்கிறேன்? புத்தளத்து உப்பளத்தில் குவித்து வைத்த உப்பு, மழை இல்லாத இரவிலும் கசிவதைப் பார்த்திருப்பாய். காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துத் தானே உப்புநீராகிவிடும். நம் பக்கத்து இரவுகள் அதற்கு மேலேதான் இருக்கின்றன. சோளகக் காற்று கொண்டுவரும் உப்பு அந்தப் பெட்டிச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்தால், பகலில் காயும், இரவில் நனையும். வெளியே பெயின்ட் கண்ணாடி போல மின்னும். உள்ளே தகடு உக்கிக்கொண்டிருக்கும். நான் கைவிட்ட காரில் ஸ்க்ரூ டிரைவரைச் சும்மா வைத்து அழுத்தினேன், பிடி வரைக்கும் இறங்கியது. கதவை மூடும்போது உள்ளே கறள் பொடி சரசரவென்று கொட்டும் சத்தம் கேட்டது. அந்தக் காரின் என்ஜினோ புதுசு போல ஓடியது.

என்ஜின் பஞ்சிகாவத்தையில் தேடினால் கிடைக்கும். சட்டம் எங்கேயும் கிடைக்காது. அதனால் கண்டி, குருநாகல் பக்கம் வளர்ந்த காராகத் தேடு. என்ஜின் செத்திருந்தாலும் பரவாயில்லை.

2. பதிவுப் புத்தகத்தைக் காரோடு வைத்துப் பார். என்ஜின் அறையின் பின்சுவரில் செசி நம்பர் தகட்டிலேயே குத்தியிருக்கும். பக்கத்தில் ஒரு சிறு நீலத் தகடு இருக்கும். அதில் இ-எஸ்13 என்றிருந்தால் அது 1.8 லீற்றர் சிஏ18 என்ஜினோடு பிறந்த கார். இ-பிஎஸ்13 என்றால் 1991இலிருந்து வந்த 2 லீற்றர் எஸ்ஆர்20. சில்வியாவில் ஜே'ஸ், கியூ'ஸ், கே'ஸ் என்று மூன்று தரம். டர்போ வந்தது கே'ஸில் மட்டும்தான். கியூ'ஸில் டர்போ என்ஜினை இறக்கி, கே'ஸ் எழுத்தை ஒட்டி விற்பதும் நடக்கிறது. என்ஜின் மாற்றியது குற்றமில்லை. மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டதுதான் நாளைக்கு உன் தலையில் விழும். நம்பரைச் சுற்றி வெல்டிங் தழும்பு இருந்தாலோ, தரைத்தகட்டில் குறுக்காக ஒரு தையல் ஓடினாலோ திரும்பி வந்துவிடு. அது பாதிப் பாதியாக வந்து இங்கே ஒட்டிய கார்.

3. கையில் இருக்கும் காசை மூன்றாகப் பிரி. ஒரு பங்கில்தான் கார். மற்ற இரண்டு பங்கும் அதற்குள் போகும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திறந்தார்கள்; திறந்த பிறகும் முப்பது வருடப் பழைய காரை இறக்க வழியில்லை. நாட்டுக்குள் இருக்கும் சில்வியா அவ்வளவுதான் என்று விற்பவருக்கும் தெரியும். அவசரப்படுகிறவனிடம் அவர் அவசர விலைதான் கேட்பார்.

4. இப்போது பொனட்டைத் திற. நாலு பிளக்கையும் கழற்றி கொம்பிரஷன் பார்க்காமல் காசு கொடுக்காதே. நாலு சிலிண்டருக்கும் இடையே சதுர சென்ரிமீற்றருக்கு 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது என்பது கொம்பனிக் கணக்கு. குறைந்த சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டுத் திரும்பப் பார். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வோ ஹெட் கஸ்கட்டோ. சிஏ18 என்றால் டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது என்று கேட்காதே, வாங்கியதும் மாற்று. எஸ்ஆர்20க்குச் செயின், அது சத்தத்தில் சொல்லும்.

5. டர்போவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பென்சில் மொத்தத்தில் ஒரு தண்டு. ஒரு முனையில் புகை தள்ளும் காற்றாடி, மறுமுனையில் காற்றை உள்ளே அமுக்கும் காற்றாடி. நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் போகும். அந்தத் தண்டு இரும்பில் உரசி ஓடவில்லை, ஒயில் படலத்தில் மிதந்து ஓடுகிறது. ஒயில் ஒரு நொடி நின்றாலும் கதை முடிந்தது.

என்ஜின் ஆறியிருக்கும்போது காற்றுக் குழாயைக் கழற்றி, தண்டின் மூக்கை இரண்டு விரலால் பிடி. பக்கவாட்டில் இலேசாக ஆடும், அது இயல்பு. மிதக்க இடம் வேண்டுமே. ஆனால் இழுத்துத் தள்ளினால் முன்பின் ஆட்டம் விரலுக்குத் தெரியவே கூடாது. தகடுகளின் ஓரம் பல்லுப் பல்லாக இருந்தால் மண் தின்றிருக்கிறது.

என் முதல் டர்போவை நானே கொன்றேன். ஒயில் வரும் குழாயைப் பூட்டும்போது கசியக் கூடாதென்று சிலிக்கோன் பசையைத் தாராளமாகப் பூசினேன். நுரைச்சோலை அனல் மின்நிலையத்தின் புகைபோக்கி தெரியும் இடத்தில் டர்போவின் விசில் திடீரென்று தகடு கீறும் சத்தமாக மாறியது. கண்ணாடியில் பார்த்தால் பின்னால் நீலப் புகை. கழற்றிப் பார்த்தபோது, துளை வைத்த அந்தப் போல்ட்டுக்குள் அரிசி அளவு பசைத் துண்டு ஒன்று குந்தியிருந்தது. அன்றிலிருந்து ஒயில் வழியில் பசையே தொடுவதில்லை. புது செப்பு வொஷர் மட்டும். ஒயில் திரும்பும் குழாய் எங்கேயும் மடங்காமல் நேரே கீழே இறங்க வேண்டும், அதையும் பார்.

ஓடி வந்ததும் சாவியை அடைக்காதே. கடைசி ஒரு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி, வாசலில் ஒரு நிமிடம் ஓடவிடு. செந்தணலாக இருந்த டர்போவில் ஒயில் நின்றால் அது கரியாகிப் பிடித்துக்கொள்ளும்.

6. நம் முற்றம் மணல். ஜக் இறங்கும். கீழே தடித்த பலகை போடு, மேலே ஸ்டாண்ட் வை, கழற்றிய சில்லையும் செசிக்கு அடியில் தள்ளிவிடு. ஜக்கை மட்டும் நம்பி ஒருநாளும் கீழே போகாதே. தனியாக இருக்கும்போதும் போகாதே, வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போ.

7. முழுக் காரையும் ஒரு கிழமையில் கழற்றிப் போட்டுவிட்டு, இரண்டு வருடம் கிடுகுக் கொட்டிலுக்குள் மூடிவைத்த கார்களை எனக்குத் தெரியும். ஒரு வேலையை முடித்துவிட்டு அடுத்ததைக் கழற்று. முதலில் பிரேக், பிறகு கூலன்ட் வழி, பிறகு பெற்றோல் வழி, கடைசியில் என்ஜின். ஒவ்வொரு போல்ட்டையும் சிறு பைக்குள் போட்டு, எங்கிருந்து வந்தது என்று எழுதிவை. போனில் படம் எடு. பிளாஸ்டிக் படங்கை நேரே காரில் போர்த்தாதே. அது ஈரத்தை உள்ளே பிடித்துவைக்கும். கொட்டிலில் காற்றோட்டம் இருக்கட்டும், கடல் பக்கம் மட்டும் மறைத்துக் கட்டு.

8. அழகுக்காக வெறும் கூம்பு ஃபில்டர் போடாதே. கண்டக்குளி, கற்பிட்டிப் பக்கம் சோளகத்தில் பறக்கும் மணலை அது தடுக்காது. கொம்பனிப் பெட்டியே போதும். காற்று அளக்கும் மீற்றருக்கும் என்ஜினுக்கும் இடையே உள்ள ரப்பர் குழாய்களை எல்லாம் புதிதாக்கு. மீற்றர் அளந்த காற்று வழியில் ஒழுகினால் பெற்றோல் கூடும், கறுப்புப் புகை வரும், நீயோ டர்போவைக் குறை சொல்வாய்.

9. 2022இல் கியூஆர் முறை தொடங்கியபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். அந்தக் காலத்தில் நிறுத்திய கார்கள் இன்னும் விலைக்கு வருகின்றன. தாங்கிக்குள் இருப்பது இப்போது பெற்றோல் இல்லை, பிசின். இறக்கிக் கழுவி, ஃபில்டர் மாற்றி, இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யக் கொடு. இந்த என்ஜின் ஜப்பானில் 100ஐ ஒட்டிய ஒக்டேனுக்காகச் செய்தது. இங்கே 95க்குக் கீழே ஊற்றாதே. 92 ஊற்றிப் பூஸ்டோடு மிதித்தால், நாணயத்தைத் தகரத்தில் தட்டுவது போல ஒரு சத்தம் வரும். அது பிஸ்டன் அடிபடும் சத்தம்.

10. பூஸ்ட்டைக் கூட்டாதே. எஸ்ஆர்20 கொம்பனியில் 205 குதிரைச் சக்தியோடு வந்தது, காரோ 1,200 கிலோவுக்குள். பாலாவி வீதியில் மாடும் சைக்கிளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் போகும்போது அது போதாது என்று எந்தப் பொடியனும் சொல்ல முடியாது. வேகம் பார்க்க ஆசையென்றால் அதற்கென்று இடம் இருக்கிறது. நுவரெலியாவில் மஹகஸ்தோட்டை மலையேற்ற ஓட்டம் 1934இலிருந்து நடக்கிறது, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தையில் ஓடுபாதை இருக்கிறது. ஒரு வருடம் கொம்பனி அளவிலேயே ஓட்டு. அதற்குள் கார் எங்கே முனகுகிறது என்று உனக்கே தெரிந்துவிடும்.

11. கழுவுவது அடியில்தான். மாதம் இரண்டு முறை, சோளகத்தில் கிழமைக்கு ஒருமுறை. ஊற்றும் கிணற்றுத் தண்ணீரை முதலில் நாக்கில் வைத்துப் பார். கரித்தால் மழைத் தண்ணீர் பிடித்துவை. கடலால் வந்ததும் போட் என்ஜினை நல்ல தண்ணீரில் ஓடவிடுகிறாயே, அதே வேலைதான். காய்ந்த பிறகு பெட்டிச் சட்டத்துக்குள் மெழுகு ஒயில் அடி. தண்ணீர் வடிய விட்ட துளைகளை மட்டும் அடைத்துவிடாதே.

12. முதல் ஸ்டார்ட். அவசரம் வேண்டாம். பெற்றோல் பம்ப் ஃபியூஸைக் கழற்று, பிளக் நாலையும் கழற்று. டர்போவுக்கு ஒயில் போகும் குழாயின் மேல் முனையைத் திறந்து ஒரு போத்தலுக்குள் விடு. ஸ்டார்ட்டரைப் பத்துப் பத்து நொடியாக, இடையே ஆறவிட்டுச் சுற்று. முதலில் காற்றுக் குமிழி வரும், பிறகு விட்டு விட்டு ஒயில், பிறகு நூல் அறாமல் ஒயில் ஒழுகும். அந்த நூலைக் கண்ட பிறகு பூட்டு. ஃபியூஸைப் போடு, பிளக்கைப் போடு, பக்கத்தில் ஒருவரைத் தீயணைப்பானோடு நிறுத்து. உன் வாப்பாவோ அப்பாவோ வீட்டில் இருந்தால் அவரைக் கூப்பிட்டுச் சாவியை அவர் கையில் கொடு. நீ பொனட்டுப் பக்கம் நின்று ஒயில் கசிகிறதா என்று பார்.