அரை லோடு

ஓசூரில் தண்ணீர் டேங்கர் கட்டித் தரும் பட்டறை வைத்திருக்கிறேன். பாகலூர்ப் பக்கத்து ரோஜாப் பண்ணைக்காரர்கள், அடுக்குமாடிகளுக்குத் தண்ணீர் அடிப்பவர்கள், கோடையில் மாங்கன்றுக்கு ஊற்ற வேண்டிய விவசாயிகள், அத்திப்பள்ளியிலிருந்து வந்து கன்னடத்தில் பேரம் பேசுபவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "எத்தனை லிட்டர் பிடிக்கும்?" பாதி நிரப்பினால் வண்டி எப்படி ஓடும் என்று கேட்பவர் அபூர்வம். கவிழ்ந்து என் பட்டறைக்கு வரும் டேங்கர்களில் பெரும்பாலானவை அரை லோடில் போனவை.

5,000 லிட்டர் என்றால் 5 டன். இழுக்கிற டிராக்டர் சுமார் 2 டன். டேங்க் விளிம்பு வரை நிரம்பியிருந்தால் அந்த 5 டன்னுக்கு அசைய இடமில்லை. வண்டியோடு சேர்ந்தே போகும், சேர்ந்தே நிற்கும். பாதியாக இருந்தால் இரண்டரை டன் உள்ளே ஓடி விளையாடும். பிரேக் போட்டதும் முன்தகட்டில் மோதும், பின்னால் போகும், திரும்பி வந்து நின்ற வண்டியை இன்னொரு தள்ளு தள்ளும். ஒற்றை ஆக்ஸில் டிரெய்லரில் இது இன்னும் மோசம். ஏற்றத்தில் தண்ணீர் பின்னுக்கு ஒதுங்கி, டிராக்டரோடு கோக்கும் டிராபாரை மேலே தூக்கும். டிராக்டரின் பின்சக்கரத்துக்குப் பிடிப்பு போய்விடும். இறக்கத்தில் மொத்தமும் முன்னுக்கு வந்து கொக்கியின் மேல் உட்காரும்.

நம் ஊர் நில அமைப்பும் இதற்குத் தோது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர், கிருஷ்ணகிரி சுமார் 500. சூளகிரி வழியாக இறங்கும்போது டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுகிறார்கள். டிரெய்லருக்குப் பெரும்பாலும் தனி பிரேக் கிடையாது. எந்த கியரில் அந்த மேட்டை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மிச்சமாகும் டீசல் ஒரு வெல்டிங் கூலிக்குக்கூட வராது.

டேங்க் கட்டும்போது குறுக்கே தடுப்புத் தகடு வைக்கச் சொன்னால், "எதுக்குண்ணா வீண் செலவு?" என்பார்கள். வையுங்கள். அடியில் தண்ணீர் வடிய ஒரு வெட்டு, மேலே காற்றுக்கு ஒன்று, நடுவில் ஆள் நுழைந்து பெயின்ட் அடிக்க ஒரு ஓட்டை. ஆனால் குறுக்குத் தகடு முன்பின் ஓட்டத்தைத்தான் மட்டுப்படுத்தும். வளைவில் கவிழ்ப்பது பக்கவாட்டு ஓட்டம். தட்டையான பெட்டி டேங்கில் நீர்ப்பரப்பின் அகலம் இரட்டித்தால் கவிழ்க்கும் விசை எட்டு மடங்காகும். நீளவாக்கில் நடுவே ஒரு முழுத் தகடு போட்டு இரண்டாகப் பிரித்தால் அது கால்வாசியாகக் குறையும். 1987 மார்ச் 6 அன்று பெல்ஜியத்தின் ஸேபுரூக் துறைமுகத்திலிருந்து கிளம்பிய 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கப்பலில், மூடாத முன்கதவு வழியாகக் கார்கள் நிற்கும் தளத்துக்குள் தண்ணீர் புகுந்தது. தடுப்பே இல்லாத அகலமான தளம். சில நிமிடங்களில் கப்பல் சாய்ந்தது. 193 பேர் இறந்தார்கள். நம் டேங்கர் சின்னது, கணக்கு ஒன்றுதான்.

இரண்டு வீட்டுக்குப் பாதிப் பாதி ஊற்றுவதே உங்கள் தொழில் என்றால், முன்னறை பின்னறை என்று தனித்தனி மூடி, தனித்தனி வால்வோடு கட்டச் சொல்லுங்கள். ஒற்றை ஆக்ஸிலில் முதலில் பின்னறையைக் காலி செய்யுங்கள். முன்னறையை முதலில் விட்டால் வால் கனத்து டிராபார் தூக்கும்.

காற்றுக் குழாயை யாரும் கவனிப்பதில்லை. குளவி மண் வைத்து அடைத்திருக்கும். அடியிலிருந்து நிரப்பினால் காற்று வெளியேற வழியின்றி, நிரம்பாமலே நிரம்பிய மாதிரி நிற்கும். மேல்மூடியும் இறுக மூடியிருக்க மோட்டார் வைத்து உறிஞ்சினால் தகடு உள்வாங்கும். வால்வைத் திறக்குமுன் மூடியைத் திறந்துவிடுங்கள்.

எடைக்காகவே தண்ணீர் சுமக்கிறவையும் உண்டு. அமெரிக்காவில் காருக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் மேக்கிரிகர் 26 எக்ஸ் என்ற பாய்ப்படகின் அடித்தொட்டியில் ஏறத்தாழ 680 கிலோ தண்ணீர் ஏறும். ஏரியில் இறக்கியதும் நிரப்பி, கரையேற்றும்போது வடித்துவிடுவார்கள். அதற்கும் முழுசு அல்லது காலி. நடுவில் நிறுத்தக் கூடாது.

டிராக்டர் டயர் மட்டும் விதிவிலக்கு. உழும்போது சக்கரம் வழுக்காமலிருக்கப் பின்டயரில் தண்ணீர் ஏற்றுவது முக்கால் அளவுதான். முழுக்க நிரப்பினால் மேடுபள்ளத்தில் அமுங்கிக் கொடுக்கக் காற்று இருக்காது. தண்ணீர் சுருங்காது, அதிர்ச்சி நேராக டயருக்கும் ரிம்முக்கும் போகும். ஜாக்கியில் தூக்கி, வால்வு உச்சிக்கு வருமாறு சக்கரத்தைச் சுற்றி நிறுத்துங்கள். தண்ணீர் ஏற ஏற காற்றை இடையிடையே விட்டு, வால்வில் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, மிச்ச இடத்தில் காற்றடிக்க வேண்டும். குளிர்நாடுகளில் உறையாமலிருக்கக் கால்சியம் குளோரைடு கலப்பார்கள். நம் ஊர் மார்கழிக்கு வெறும் தண்ணீர் போதும். உழவு முடிந்து டேங்கர் இழுக்கும் சீசன் வந்தால் வடித்துவிடலாம் என்பது என் கட்சி. ஏற்றத்தில் பிடிப்பு வேண்டும் என்று அப்படியே விடுபவர்களும் உண்டு, அவர்கள் மெதுவாக ஓட்டட்டும். பஞ்சர் ஆனால் உள்ளே தண்ணீர் இருப்பதைக் கடைக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாமல் கழற்றவிட்டால் அவர் நனைவார், கூலி ஏறும்.