கோதுமை ஒவ்வாதவர்களுக்கு வீட்டிலேயே பிரெட்

குளூட்டன் இல்லாத பிரெட் மிக்ஸ் வாங்கும்போது பாக்கெட்டின் பின்புறத்தைப் படியுங்கள். அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச்சுடன் சாந்தன் கம் அல்லது இசப்கோல் இருந்தால் நல்லது. குளூட்டன் தரும் பிடிப்பை இவைதான் தருகின்றன; இல்லாவிட்டால் பிரெட் உதிரும். ஈஸ்ட் தனியாக வாங்க வேண்டுமா என்றும் பாருங்கள்.

கலவை கெட்டியான இட்லி மாவு பதத்தில்தான் இருக்கும். தளர்ந்துவிட்டதே என்று மாவைச் சேர்க்காதீர்கள், பிரெட் கல்லாகிவிடும். பிசையவும் வேண்டாம். நன்றாக அடித்துக் கலக்கி, எண்ணெய் தடவிய டின்னில் போட்டு, ஈரக்கையால் மேற்புறத்தைச் சமன் செய்யுங்கள். ஒருமுறை பொங்கினால் போதும். டின் விளிம்பைத் தொடுவதற்குச் சற்று முன்பே அவனில் வைத்துவிடுங்கள். மிகவும் பொங்கவிட்டால் நடுவில் அமுங்கும். மேலே சிவந்திருப்பதை நம்பாதீர்கள். சமையல் தெர்மாமீட்டரைச் செருகினால் நடுப்பகுதி 96 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்க வேண்டும். முழுதாக ஆறிய பிறகே வெட்டுங்கள், சூட்டில் வெட்டினால் பிசுபிசுக்கும்.

மறுநாளே காய்ந்துபோகும் என்பதால், மீந்ததைத் துண்டு போட்டு ஃப்ரீசரில் வையுங்கள்.

சீலியாக் நோயாளிக்காகச் செய்கிறீர்களா? மைதா சலித்த சல்லடையும் பழைய டோஸ்டரும் ஆகாது. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருந்தால் 'குளூட்டன் இல்லாதது' என்று இந்தியாவில் விற்க முடியாது. அவ்வளவு சிறிய அளவும் கணக்கில் வருகிறது. மசாலா பிரெட் செய்பவர்கள் பெருங்காயத்தையும் கவனியுங்கள்: கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் மைதா சேர்கிறது.